தலைக்காயத்துக்கு ஐந்து மாதம் கழித்தும் தீராத களைப்பு: பிட்யூட்டரியைச் சந்தேகிக்கலாமா?

இயன்முறை_மதுரை:
34 வயது ஆண், பைக் விபத்தில் தலைக்காயம். மூன்று நாள் வென்டிலேட்டர், அறுவை சிகிச்சை இல்லை. நடை தேறிவிட்டது. ஆனால் பத்து நிமிடப் பயிற்சியிலேயே துவண்டுவிடுகிறார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பசியே இல்லை. சோடியம் 128 (குறைவு), பொட்டாசியம் 4.2, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) 1.8. மாலை 4 மணிக்கு எடுத்த கார்டிசால் 4.6. வலிப்பு மருந்து ஃபெனிடாயின் 300 மி.கி. போய்க்கொண்டிருக்கிறது. "தைராய்டு நார்மல், மனச்சோர்வு" என்று எழுதிவிட்டார்கள். அடுத்து எந்தப் பரிசோதனையைக் கேட்கச் சொல்லலாம்?

சுரப்பியியல்:
கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். மூளைக்கு அடியில் உள்ள பட்டாணி அளவுச் சுரப்பி அது, மெல்லிய தண்டில் தொங்குகிறது. முன்பகுதிக்கு ரத்தம் போகும் நாளங்கள் அந்தத் தண்டு வழியாகத்தான் இறங்குகின்றன. மூளை குலுங்கும்போதும் வீங்கும்போதும் அடி அங்கேதான். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

கார்டிசாலைச் சுரப்பது அட்ரினல், அதைத் தூண்டுவது பிட்யூட்டரி. ஆனால் மாலைக் கார்டிசாலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நல்ல உடம்பிலும் அந்நேரம் இறங்கித்தான் இருக்கும். காலை 8 முதல் 9 மணிக்குள் மறுபடி எடுங்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் நின்றால் அட்ரினலைத் தூண்டும் சினாக்தென் ஊசி 250 மைக்ரோகிராம் போட்டு, கார்டிசாலை 30, 60ஆவது நிமிடங்களில் பார்க்க வேண்டும்.

டிஎஸ்எச் மட்டும் பார்த்துத் தைராய்டை நார்மல் என்றது தவறு. அதைச் சுரக்க வேண்டிய பிட்யூட்டரியே அடிபட்டிருந்தால் அது எப்படி ஏறும்? தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 வேண்டும். ஒரு சிக்கல்: ஃபெனிடாயினும் ஃப்ரீ டி4 அளவைக் குறைத்துக் காட்டும், டிஎஸ்எச் நார்மலாகவே இருக்கும். அதனால் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத் தைராக்ஸின் தொடங்கிவிடக் கூடாது.

பொட்டாசியம் நார்மல் என்று நிம்மதி வேண்டாம். பொட்டாசியத்தை வெளியேற்றும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் பிட்யூட்டரியை நம்பி இல்லை. சிறுநீரகத்து ரெனின்தான் அதை நடத்துகிறது. பிட்யூட்டரி கெட்டால் பொட்டாசியம் ஏறாது, தோலும் கறுக்காது.

அதே காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனைக் காட்டும் அளவு) எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

ஐசியூ_செவிலி:
ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. வாந்தி, மயக்கம், மேல் பிரஷர் 90க்குக் கீழே என்றால் கார்டிசாலுக்கு ரத்தத்தை எடுத்துக்கொண்டு உடனே கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட வேண்டும்.

கார்டிசாலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஹைட்ரோகார்டிசோன் முதலில், தைராக்ஸின் பிறகு. மாற்றிக் கொடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலும் வேகமாகக் கரைந்து ஆளே சரிந்துவிடுவார். வழக்கமான அளவு எழுந்தவுடன் 10 மி.கி., மதியம் 5, மாலை 5 மணிக்குள் 5. ஃபெனிடாயின் இந்த மருந்தையும் சீக்கிரம் கரைக்கும் என்பதால் அளவைக் கூட்ட நேரலாம். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான். தானாக நிறுத்தவே கூடாது.

இன்னொன்று: கார்டிசால் குறைவு, டயாபெட்டிஸ் இன்சிபிடஸை (சர்க்கரை நோய் அல்ல, பிட்யூட்டரி அடிபட்டால் சிறுநீர் அளவின்றிப் போகும் நோய்) மறைத்து வைத்திருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் சிறுநீர் கொட்ட ஆரம்பிக்கலாம். 5 லிட்டர் கேன் ஒன்று வையுங்கள். முதல் காலைச் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலைச் சிறுநீர் வரை பிடியுங்கள். 3 லிட்டருக்கு மேல் போனால் அன்றே சோடியம் பாருங்கள்.

ஆய்வகம்12:
முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஹார்மோன் அளவுகளைப் பொய்யாக்கும். மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சினாக்தென் கிடைக்காத ஊரில் அதேபோல் அட்ரினலைத் தூண்டும் ஆக்டன் ப்ரோலாங்கேட்டம் 25 யூனிட் தசையில் போட்டு 60ஆவது நிமிடம் எடுப்பது நம் நாட்டில் வழக்கம். காயம்பட்ட முதல் சில வாரங்களில் இந்தச் சோதனை பொய்யாக நார்மல் காட்டும், ஏனென்றால் அட்ரினல் அதற்குள் சுருங்கியிருக்காது. ஐந்து மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

வளர்ச்சி ஹார்மோனுக்கு ஐஜிஎஃப்-1 நார்மலாக இருந்தாலும் குறைபாடு இல்லை என்று ஆகாது. அதற்குத் தூண்டல் சோதனைதான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வருடம் பொறுங்கள். பலருக்குத் தானாகவே தேறிவிடும். வலிப்பு வந்தவருக்கு சர்க்கரையை இறக்கிப் பார்க்கும் இன்சுலின் சோதனை வேண்டவே வேண்டாம். குளுக்ககான் ஊசிச் சோதனை போதும்.

இயன்முறை_மதுரை:
மிக்க நன்றி. ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிய பிறகு, சுரப்பி தேறியதா என்று எப்படிப் பார்ப்பது?

சுரப்பியியல்:
மருத்துவர் சம்மதத்தோடு, முந்தின நாள் மதிய டோஸோடு நிறுத்தி, காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரையைப் போடட்டும். போட்ட பிறகு எடுத்தால் மாத்திரையைத்தான் அளப்பீர்கள்.