செங்கல் சுவர்: கட்டும்போதும் பராமரிக்கும்போதும் நீங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கச் சுவர் தாத்தா காலத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் எப்போதும் லேசாக ஈரம் தெரியும், வெள்ளை அடித்தால் ஒரு வருடத்தில் பொரிந்துவிடும், மறுபடி அடிப்போம். அதோடு எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் இதை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல கெட்டியான சிமெண்டுப் பூச்சு போட்டு, அதற்கு மேல் தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்தேன். முதல் வருடம் பார்க்க அழகாக இருந்தது. இரண்டாம் வருடம் முழங்காலில் நின்ற ஈரம் இடுப்புக்கு மேல் தெரிய ஆரம்பித்தது. மூன்றாம் வருடம் தட்டிய இடமெல்லாம் உள்ளே காற்று இருப்பது போல டொக் டொக்கென்று சத்தம். போன மாதம் ஒரு கதவுப் பலகை அளவுக்குப் பூச்சு மொத்தமாகக் கழன்று விழுந்தது.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. பூச்சின் முதுகில் செங்கல்லின் முகம் அரை இஞ்ச் கனத்துக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் மிச்சம் நின்ற கல்லை விரலால் தேய்த்தால் சிவப்பாக மாவு மாதிரி கொட்டியது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று உப்பு, பஞ்சு பிய்த்து வைத்தது போல மெல்லிய ஊசி ஊசியாக நின்றது.

அப்புறம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டது இது. மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறத்தான் செய்யும், அந்தக் காலத்துச் சுவரில் அதைத் தடுக்கத் தனியாக ஈரத்தடை எதுவும் கிடையாது. ஆனால் ஏறிய ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவும் வெளியே காய்ந்து போய்க்கொண்டே இருந்தது, போகும்போது உப்பைப் பூச்சில் விட்டுவிட்டுப் போனது. பூச்சு பொரியும், பூச்சை மாற்றுவோம், கல் பிழைத்துக்கொள்ளும். நான் அந்த வாசலை அடைத்துவிட்டேன். வெளியே போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறியது, உப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே படிகமாகக் கட்டியது. அந்தப் படிகம் வளர வளர உள்ளிருந்து நெட்டித் தள்ளும், அதைச் சூளையில் வெந்த கல்லால்கூடத் தாங்க முடியாது.

இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அது பரவலாகக் கைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே ஒரு சுவர் பழையது என்றால் முதலில் அதன் சாந்தை ஒரு சாவியால் சுரண்டிப் பாருங்கள். மெத்தென்று வெளிறிய தூளாக வந்தால் அநேகமாகச் சுண்ணாம்பு. அதன் மேல் சிமெண்டு வைக்கும் முன் நூறு முறை யோசியுங்கள். நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், புதுச் சுவரானாலும் சரி, பழைய சுவரானாலும் சரி.

———

தம்பிக்கு வணக்கம். முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன், அதனால் கட்டும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். காலையில் வந்ததும் எவனாவது அப்போதுதான் வைத்த கல் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து நேராகத் தூக்குவார். தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். முழு முகத்திலும் சாந்து அப்பியிருந்தால் பேசாமல் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு ஓரத்தில் மட்டும் கோடு போட்டது மாதிரி ஒட்டியிருந்து நடுவில் கல் சுத்தமாக இருந்தால் அந்த வரிசை முழுவதையும் பிரிக்கச் சொல்வார். எனக்கு முதல் மாதத்தில் மூன்று முறை பிரிக்கச் சொன்னார். ஒருமுறை ஒட்டவே இல்லை, சாந்து மணலாக உதிர்ந்தது. கல்லை நனைக்காமல் வைத்திருந்தேன்.

காய்ந்த செங்கல் தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்பதைப் பார்க்க ஒரு கல்லை வாளியில் போடுங்கள், சீறிக்கொண்டு குமிழி வரும். அதே வேலையைத்தான் அது சாந்திலும் செய்யும். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரை இது குடித்துவிட்டால் பிறகு அங்கே இருப்பது சிமெண்டு கலந்த தூசிதான். குமிழி நிற்கும் வரை ஊறவிட்டு, எடுத்து அடுக்கி, மேலே மினுமினுக்கும் ஈரம் அடங்கிய பிறகு வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் அதுவும் தப்பு, கல் சாந்தின் மேல் மிதக்கும், தட்டினால் வழுக்கிப் போகும், சுவர் வயிறு தள்ளும். தண்ணீரே அதிகம் குடிக்காத நன்றாக வெந்த கெட்டிக் கல்லை இப்படி ஊறப்போடத் தேவையில்லை. கல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் நொறுங்கக்கூடாது.

அப்புறம் கல்லில் இருக்கும் பள்ளம் மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்து வைத்தால் அந்தப் பள்ளத்தில் சாந்து போகாது, உள்ளே வெற்றிடம்தான் நிற்கும். அதைவிட அதிகமாக நடக்கும் தப்பு செங்குத்து ஜாயிண்டில். படுக்கை ஜாயிண்டில் எல்லோரும் சாந்து போடுவார்கள், பக்கத்துக் கல்லோடு சேரும் இடத்தில் வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடவிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்தது போலத்தான் தெரியும். மழை சாய்ந்து அடிக்கும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் ஈரம் உள்ளே வருகிறது, வீட்டுக்காரர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார். ஜாயிண்ட் கனம் 10 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கோணல் கல்லைச் சாந்தால் சரிக்கட்டுகிறேன் என்று இஞ்ச் கணக்கில் ஏற்றுவது சுவரைப் பலவீனமாக்கும்.

கலந்த சாந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் குழைவாகத் தெரியும், ஆனால் பிடிப்பு போய்விட்டது. ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்ற வேண்டாம், கீழே இருக்கும் பச்சைச் சாந்து பிதுங்கித் தூக்குக்குண்டு தப்பிவிடும். மறுநாள் தொடர வேண்டிய முனையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல் படிக்கட்டு மாதிரி இறக்கி விடுங்கள், சேர்மானம் நன்றாகப் பிடிக்கும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள்.

———

ஐயா சொன்ன செங்குத்து ஜாயிண்ட் விஷயம் எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. நான் எழுத வந்தது வேறு, சுற்றுச்சுவர் விழுந்த கதை.

நாற்பதடி நீளம், ஆறடி உயரம், நாலரை இஞ்ச் கனம். நடுவில் இரண்டே தூண். கட்டி எட்டு வருடம் அசையாமல் நின்றது. பிறகு உள்பக்கம் தோட்டம் போடலாமென்று சுவரை ஒட்டி மண் கொட்டி இரண்டரை அடிக்கு மேடாக்கினோம். யாருக்கும் இது சுவருக்குச் செய்யும் கெடுதல் என்று தோன்றவே இல்லை. மண்தானே, சும்மா கிடக்கிறது என்று நினைத்தோம். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் அந்த மண் ஊறி, தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லாமல், இரண்டு தூணுக்கும் நடுவில் இருந்த பாகம் முழுவதும் விடிகாலையில் தெருப்பக்கம் சாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது செங்கற்கள் தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தன. பகலில் அந்த இடத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் யாரும் இல்லை. இன்றும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

மறைப்புக்காகக் கட்டும் சுவர் வேறு, மண்ணைத் தாங்கும் சுவர் வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், பக்கத்திலிருந்து தள்ளினால் அதற்குப் பலம் மிகக் குறைவு. ஈர மண்ணும் அதற்குள் தேங்கிய தண்ணீரும் பக்கவாட்டில்தான் தள்ளுகின்றன. மண்ணைத் தாங்க வேண்டுமென்றால் அதற்கென்று கணக்குப் போட்டு, கனமாகக் கட்டி, பின்னால் ஜல்லி நிரப்பி, அடியில் வரிசையாகத் தண்ணீர் வடியும் துளைகள் விட வேண்டும். உங்கள் மதிலை ஒட்டி மண், மணல், கல் எதையும் குவித்து வைத்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பக்கத்து மனைக்காரர் குவித்தாலும் போய்ச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

———

என்னுடையது சின்ன விஷயம்தான் ஆனாலும் புது வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும். அறைகளைப் பிரிக்கும் நாலரை இஞ்ச் சுவரில் வயர் பைப் பதிக்க எலக்ட்ரீசியன் இடுப்பு உயரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படுக்கை வசமாக வெட்டிக்கொண்டே போய்விட்டார். நான் மாலையில் போய்ப் பார்த்தபோது ஒன்றரை இஞ்ச் ஆழம், சுவருக்கு இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு கோடு. இரண்டு இடத்தில் சுத்தியல் அடியில் மறுபக்கக் கல்லே ஆடிக்கொண்டிருந்தது, கையை வைத்தால் உணர முடிந்தது. அந்தப் பாகத்தைப் பிரித்துக் கட்டினோம்.

பொதுவாகச் சொல்லும் அளவு, படுக்கையாக வெட்டினால் சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, செங்குத்தாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு. நாலரை இஞ்சில் ஆறில் ஒன்று என்றால் முக்கால் இஞ்ச். அதில் ஒரு பைப்பும் அதன் மேல் பூச்சும் அடங்காது. ஆகவே மெல்லிய சுவரில் படுக்கை வெட்டே வேண்டாம், மேலிருந்து செங்குத்தாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலும் உளியும் வேண்டாம், கட்டர் மெஷினில் இரண்டு கோடு இழுத்துவிட்டு நடுவை எடுக்கச் சொல்லுங்கள். முதுகுக்கு முதுகு இரண்டு அறையிலும் ஒரே இடத்தில் ஸ்விட்ச் பெட்டி வைக்கவும் விடாதீர்கள்.

———

விரிசலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டு மூலையில் ஜன்னல் அடியிலிருந்து படிப்படியாகச் சாந்து வழியே இறங்கிய விரிசலை மூன்று முறை அடைத்தோம், மூன்று முறையும் பிளந்தது. நாலாவது முறை வந்த பொறியாளர் அடைக்கவே விடவில்லை. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினார், நடுவில் அகலத்தை அளந்து சுவரிலேயே குறித்தார், மாதம் ஒருமுறை அளக்கச் சொன்னார். வெயில் காலத்தில் விரிந்தது, மழைக்குப் பிறகு கொஞ்சம் மூடியது. அதைப் பார்த்துத்தான் அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் களிமண் காய்ந்து சுருங்குவதும் ஊறி உப்புவதும் பிடிபட்டது. மூலைக்கு அருகில் நின்ற பெரிய மரமும் அதில் சேர்த்தி. அசைகிற விரிசலை எந்தச் சாந்தால் அடைத்தாலும் நிற்காது.

———

தொடங்கியவன்தான் மீண்டும் வந்திருக்கிறேன், மூன்று மாதமாயிற்று.

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன பிறகு கல்லைத் தூக்கிப் பார்க்கும் அதே கண்ணோடு சுவரின் வெளிப்பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். சில வருடத்துக்கு முன்னால் பின்கட்டில் பதித்த சிமெண்டுத் தளம் சுவரின் அடிமட்டத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தத் தளத்தின் மேலேயே கொட்டி, சுவரோரமாகத் தேங்கி, அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது. ஈரம் மண்ணிலிருந்து மட்டும் வரவில்லை, நாங்களே ஊட்டியிருக்கிறோம்.

சுவரோரம் ஒரு முழம் அகலத்துக்குத் தளத்தை உடைத்து, மண்ணை இறக்கி, ஜல்லி போட்டு, குழாயை வடிகாலுக்குத் திருப்பினோம். சிமெண்டுப் பூச்சை மெதுவாக, சின்ன உளியால் எடுத்தோம், அவசரப்பட்டால் கல் முகமும் கூட வந்துவிடுகிறது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவில்லை, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். முதல் வாரம் தினமும் ஒரு முறம் வந்தது, இப்போது வாரத்துக்கு ஒரு கைப்பிடி.

மாவாகிப்போன பதினேழு கற்களை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவில் பழைய கல் தேடிப்பிடித்து வைத்தோம். உதிர்ந்த ஜாயிண்டுகளை ஓர் இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை இரண்டு தடவையாக அழுத்தி நிரப்பி, வேகமாகக் காயாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். சாந்து எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டுமாம், அப்போதுதான் கெடுவது சாந்தாக இருக்கும், கல்லாக இருக்காது.

பூச்சு இன்னும் போடவில்லை. ஊறிய சுவர் காய மாதத்துக்கு ஓர் இஞ்ச் கனம் என்று தோராயமாகக் கணக்குச் சொல்கிறார்கள், எங்களுடையது பதினாலு இஞ்ச். வந்து போகிறவர்கள் ஏன் சுவரை இப்படி அம்மணமாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன். விரிசலுக்குச் சொன்ன அதே பென்சிலால் ஈரத்தின் மேல் விளிம்பில் கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறேன். முதல் கோடு என் இடுப்புக்கு மேல் இருக்கிறது. நேற்றுப் போட்டதற்குக் குனிய வேண்டியிருந்தது.