கால் எரிச்சலுக்கு கேப்சைசின் க்ரீம் தடவியவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ராத்திரியானால் இரண்டு பாதமும் எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. ப்ரீகாபலின் மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், நடக்கும்போது தள்ளாடுகிறார். அதனால் டாக்டர் 0.075 சதவீத கேப்சைசின் க்ரீமை (மிளகாய்க்குக் காரம் தருவதும் இதேதான்) தினமும் மூன்று நான்கு தடவை போடச் சொன்னார், முதலில் எரிச்சல் கூடும், சில வாரம் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும் என்றும் சொன்னார். அம்மாவோ, "எரியிற காலுக்கு மிளகாயா?" என்று ட்யூபை ஓரமாக வைத்துவிட்டார்.

அந்த ஆரம்ப எரிச்சல் உங்களுக்கு எப்போது குறைந்தது? லிடோகெய்ன் ஜெல் (தடவிய இடத்தை மரக்கச் செய்யும் மருந்து) யாருக்காவது கேட்டதா? பாதத்தில் புண், வெடிப்பு எதுவும் இல்லை, தினமும் பார்க்கிறேன். வெந்நீர் ஒத்தடம் மட்டும் சொல்லாதீர்கள், எரிந்தாலும் அம்மாவுக்குக் கால் மரத்தும் இருக்கிறது, அதில் சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.