24 வயசு, வேலையில இருக்கார், குருமடம் போகணும்னு நினைக்கிறார்: பெங்களூர்ல எங்க தொடங்கணும்?

இளையோர்குழு_சிவாஜிநகர் (கேள்வி)

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

எங்க பங்கு இளையோர் குழுவுல 24 வயசுத் தம்பி ஒருத்தர், பி.காம். முடிச்சிட்டு வேலை பார்க்கிறார். கத்தோலிக்கக் குருவாகிற அழைத்தல் இருக்கோ, குருமடத்துல (குருவாகப் பயிற்சி தர்ற இடம்) சேரலாமோன்னு ரெண்டு வருஷமா யோசனை. வீட்டுல தமிழ். கன்னடம் நல்லா பேசுவார், எழுத வராது. கல்விக் கடன் 1,80,000 ரூபாய் பாக்கி. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், சின்ன வயசுலயே வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையாம்.

மறைமாவட்டமா (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்கிற பகுதி), துறவற சபையா? முதல்ல யாரைப் பார்க்கணும்? எத்தனை வருஷம் ஆகும்? இது ஆண்டவர் அழைப்புதானா, இல்ல மனசோட ஆசையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தம்பிக்குத் தப்பா வழிகாட்டிடக் கூடாதுன்னு கேக்குறேன்.

கோலார்_வாசி

முதல்ல ரெண்டு பேரைத் தனித்தனியா வெச்சுக்கச் சொல்லுங்க: ஆன்ம குரு (மனசைத் திறந்து பேசி ஆன்மீக வழிகாட்டுதல் கேட்கிற குரு) ஒருத்தர், அழைத்தல் ஊக்குநர் ஒருத்தர். ஊக்குநர் மறைமாவட்டத்துக்காகவோ சபைக்காகவோ ஆளைப் பார்த்துக் கருத்துச் சொல்றவர். ஆன்ம குருகிட்ட பேசுறது வேற. குருமடத்துக்குள்ள போன பிறகுகூட, குருப்பட்டம் கொடுக்கலாமா, வெளியே அனுப்பலாமான்னு முடிவெடுக்கும்போது ஆன்ம குரு, பாவசங்கீர்த்தனம் கேட்கிற குரு இவங்க கருத்தைக் கேட்கவே கூடாதுன்னு திருச்சபைச் சட்டம் 240 சொல்லுது. தம்பி மனசைத் திறந்து பேசுறதுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. ரெண்டு வேலையையும் ஒரே ஃபாதர்கிட்ட வெச்சுக்கிட்டா, "இதைச் சொன்னா சேர்க்க மாட்டாங்களோ"ன்னு சொல்ல வேண்டியதையே மறைச்சிடுவாங்க. பிரச்சினை பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது.

வருஷக் கணக்கு: முன்தயாரிப்பு 1 முதல் 2 வருஷம், தத்துவம் குறைஞ்சது 2, இறையியல் குறைஞ்சது 4. நடுவுல களப்பணி ஆண்டும் வரும். திருத்தொண்டர் பட்டத்துக்கும் (குருப்பட்டத்துக்கு முந்தின படி) குருப்பட்டத்துக்கும் நடுவுல 6 மாசமாவது இருக்கணும். இப்ப சேர்ந்தா 33, 34 வயசுல குருப்பட்டம்னு நினைச்சுக்கங்க. சபைன்னா நவதுறவகம் (துறவற வாழ்க்கைக்கான ஆரம்பப் பயிற்சிக் காலம்) தனி: சட்டப்படி 12 மாசம் கட்டாயம், சேசு சபையில 2 வருஷம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலுக்கான வாக்கு), அது 3 வருஷத்துக்குக் குறையக் கூடாது.

மறைமாவட்டமா சபையான்னு கேட்டா, தம்பி மனசு எந்த வாழ்க்கைமேல நிக்குதுன்னு பாருங்க. மறைமாவட்டக் குரு ஒரு ஆயரோட, ஒரு நிலப்பரப்போட மக்களுக்குச் சொந்தம். பல வருஷம் ஒரு பங்கு வீட்டுல தனியா சாப்பிட்டு, தனியா செபிச்சு வாழணும். சபைக்குரு குழுவா வாழ்வார், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பார், எங்க அனுப்பினாலும் போவார். "பங்கு வேலை பிடிக்கும், ஆனா தனிமை பயமா இருக்கு"ன்னு சொன்னா, அந்த பயத்தைத்தான் ஆன்ம குருகிட்ட முதல்ல பேசணும்.

மொழி விஷயத்தை லேசா விட்டுடாதீங்க. பெங்களூர் உயர்மறைமாவட்டம்னா சிவாஜிநகரும் விவேக் நகரும் மட்டும் இல்ல. துமகூரு, கோலார், சிக்கபள்ளாபுரா, ராமநகரா வரைக்கும் போகுது. கன்னடத்துல பிரசங்கம் வைக்கணும், பதிவேடு எழுதணும். இப்பவே எழுதப் படிக்க ஆரம்பிக்கட்டும். தமிழ்லதான் பணி செய்யணும்னு மனசு உறுதியா இருந்தா தமிழ்நாட்டு மறைமாவட்டத்தைக் கேட்கலாம். வீடு இருக்கிற மறைமாவட்டத்துலதான் சேரணும்னு கட்டாயம் இல்ல. பணி செய்யத் தீர்மானிச்ச மறைமாவட்டத்து ஆயரும் பட்டம் கொடுக்கலாம் (சட்டம் 1016). ஓசூர் தாண்டினாலே தருமபுரி மறைமாவட்டம் வந்துடும். படிப்புக்காக திரும்ப இங்கயே அனுப்பினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்: மல்லேஸ்வரத்து புனித பேதுரு குருமடமே 1934ல புதுச்சேரியிலிருந்து இங்க வந்ததுதான்.

மாலை_ஆராதனை

அழைப்பா ஆசையா என்ற கேள்விக்கு சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி இன்றும் உதவும். ஒரு நோட்டு வாங்கச் சொல்லுங்கள். தினமும் இரவு 15 நிமிடம் ஆன்ம சோதனை: நன்றி, ஒளிக்காக மன்றாட்டு, அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம். பிறகு மூன்றே வரி: என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது, அது எவ்வளவு நேரம் நின்றது.

உதாரணத்துக்கு இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "சனி மாலை ஆராதனை. பாட்டில் கண்ணீர் வந்தது. திங்கள் ஆபீஸ் போனதும் ஒன்றும் இல்லை." இன்னொன்று: "புதன். பங்குச்சாமியாரோடு ஆஸ்பத்திரிக்கு, நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்). அந்த வாடை பிடிக்கவில்லை. வெள்ளி வரைக்கும் மனம் அமைதி." இரண்டாவதுக்குத்தான் எடை அதிகம். பாட்டும் கூட்டமும் இல்லாமல், பிடிக்காத வேலைக்குப் பிறகும் நின்ற அமைதி அது. ஆறு மாதப் பதிவுகளை ஆன்ம குருவோடு உட்கார்ந்து படிக்கும்போது ஒரு போக்கு தெரியும்.

மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது. பொங்கி வழியும்போது அவசரமாக வாக்குக் கொடுக்கவும் கூடாது. தியானம் முடிந்த மறுநாளே ராஜினாமாக் கடிதம் எழுதுவது இந்த இரண்டாவது தவறுதான்.

இன்னொரு பயிற்சி: முன்பின் தெரியாத ஒருவர் இதே வயது, இதே கடன், இதே வீட்டுச் சூழலோடு வந்து கேட்டால் தம்பி என்ன சொல்வார்? அதை எழுதிப் பார்க்கட்டும்.

குடும்ப வாழ்வு வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தால் அது அழைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. அந்த நல்லதைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுக்கிறார். காதல் முறிந்ததாலோ, கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கவோ வருகிறார் என்றால் குறைந்தது ஒரு வருடம் பொறுத்திருப்பது நல்லது.

விவேக்நகர்_அக்கா

நேர்ந்துவிட்ட விஷயத்தை யாரும் தொடலையே. தாய் வெச்ச நேர்ச்சை தாயோடது, பிள்ளையைக் குருவாகக் கட்டுப்படுத்தாது. பட்டம் பெறுறவருக்கு முழு சுதந்திரம் இருக்கணும், கட்டாயப்படுத்தவே கூடாதுன்னு சட்டம் 1026ல இருக்கு. அம்மாகிட்ட இதைப் பங்குச்சாமியார் சொல்றதுதான் நல்லது, பிள்ளை சொன்னா சண்டையாகும். போய்ட்டு ரெண்டாம் வருஷம் திரும்பி வந்தாலும் வீட்டுல அவருக்கு இடம் இருக்குன்னு அம்மா வாயால சொல்லிக் கேட்கணும். அந்த ஒரு வார்த்தை இல்லாம எத்தனை பிள்ளைங்க உள்ளயே தவிக்கிறாங்க!

இளையோர்குழு_சிவாஜிநகர்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நாளைக்கே ஃபாதர்கிட்ட பேசுறேன். கடன் விஷயம்? சேர்ந்த பிறகு வீட்டுல கட்டிக்கலாமா?

கோலார்_வாசி

வேண்டாம் அண்ணே. திருப்பிக் கட்ட முடியாத கடன் இருக்கிறவரை நவதுறவகத்துல சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் 644 சபைகளுக்குச் சொல்லுது. மறைமாவட்டத்திலும் கேட்பாங்க. வீட்டுல கட்டுறோம்னு சொல்லிட்டு அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனா, தம்பி படிப்புல மனசு வைக்க முடியாது. மாசம் 10,000 கட்டினா, அசலுக்கே ஒன்றரை வருஷம், வட்டியோட சேர்த்தா இன்னும் கொஞ்சம் கூட ஆகும். நோட்டு எழுத, கன்னடம் படிக்க அந்தக் காலம் சரியா இருக்கும்.

ஆவணத்துல ஒண்ணு சொல்லிடுறேன். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழைப் புதுசா எடுக்கணும், அலமாரியில இருக்கிற பழைய நகல் போதாது. உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டு ஓரத்துல குறிச்சு வைப்பாங்க, புதுச் சான்றிதழ்லதான் அந்தக் குறிப்பு வரும். உறுதிபூசுதல் வேற பங்குல நடந்திருந்தா அந்தக் குறிப்பு பல நேரம் போய்ச் சேர்ந்திருக்காது; எழுதிக் கேட்டுச் சேர்க்கணும். முன்னாடி வேற குருமடத்துலயோ சபையிலயோ இருந்து வந்திருந்தா அங்கத் தலைவரோட கடிதம் கட்டாயம், மறைக்கவே கூடாது. உளவியல் சோதனை கேட்டா பயப்பட வேண்டாம், தம்பியோட சம்மதம் இல்லாம அதை எடுக்க முடியாது.

தம்பிக்குத் திருமுழுக்கு எந்தப் பங்குல நடந்தது? தமிழ்நாட்டுப் பங்குன்னா இந்த வாரமே கடிதம் போட்டுடுங்க.