கூட்டமைப்பில் சேரப் பாடுபட்ட நாடுகள்: நேரில் கண்டவர்கள் சொல்லுங்க

திருப்பூர், மெர்ச்சண்டைசர்

ஐரோப்பிய யூனியன் என்று செய்தி வந்தால் நம்ம பக்கம் முதலில் கேட்பது "நம்ம சரக்குக்கு வரி குறையுமா" என்பதுதான். பிழைப்பு அதில் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மாதிரி கூட்டமைப்புக்குள் போக ஒரு நாடு என்ன பாடுபடுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் வாயாலேயே கேட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். பையராக (சரக்கு வாங்குபவராக), கண்காட்சியில் பக்கத்து ஸ்டாலாக, கூட வேலை பார்த்தவராக எப்படிப் பழகியிருந்தாலும் சரி, எழுதுங்க. முதலில் நான் சொல்கிறேன்.

2004-ல் எங்களுக்குப் போலந்தில் ஒரு பையர் இருந்தார். கோட்டா காலம் அது. யூனியன் நாடுகளுக்கு டி-ஷர்ட் அனுப்ப, ஆடை ஏற்றுமதிக் கழகமான ஏ.இ.பி.சி. ஒதுக்கும் கோட்டா, அதாவது இவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு உரிமை, வேண்டும். இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்குவார்கள். போலந்து அதுவரை யூனியனுக்கு வெளியே இருந்தது. மே 1-ல் பத்து நாடுகள் ஒன்றாகச் சேர்ந்தபோது அதுவும் உள்ளே போனது. அன்றிலிருந்து அங்கே போகும் சரக்குக்கும் கோட்டா வேண்டும் என்றானது. மனிதர் மார்ச் மாதத்திலிருந்தே தினமும் போன் செய்தார். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு கப்பலேறியதற்கான சீட்டில்) ஏப்ரல் தேதி விழுந்தாக வேண்டும் என்று ஒரே பேச்சு. கட்டிங்கும் செக்கிங்கும் ராத்திரி பகலாக ஓடின.

அப்புறம் அவர் இங்கே வந்தபோது பேச உட்கார்ந்தோம். சொந்த ஊர் வூச். நம்ம ஊர் மாதிரி மில்லை நம்பிப் பிழைத்த நகரம். சோவியத் சந்தை போனதும் தொண்ணூறுகளில் மில்கள் வரிசையாக மூடின, அவருடைய அப்பாவுக்கும் வேலை போயிருக்கிறது. 2003 வாக்கெடுப்பில் 77 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். அவரும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டார். ஆனாலும் மனத்தாங்கல் இருந்தது. பழைய நாட்டு விவசாயிக்கு நேரடி மானியம் முழுசாக வரும்போது, புதிய நாட்டு விவசாயிக்கு முதல் வருஷம் அதில் 25 சதவீதம்தான். படிப்படியாக ஏறி 2013-ல்தான் சமமானது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் உடனே வேலைக்கு ஆள் எடுத்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தன. "சட்டம் எல்லாம் முதல் நாளிலிருந்தே எங்களுக்கு முழுசு. சலுகை மட்டும் கால்வாசி" என்றார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கரூர், வீட்டு ஜவுளி ஏற்றுமதி

ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிற எல்லோருக்கும் துருக்கிக்காரர்களைத் தெரியும். கரூருக்கு அவர்கள் நேர்ப் போட்டி. டெனிஸ்லி என்ற ஊர் டவலுக்குப் பேர்போனது. அங்கிருந்து வந்த ஒருவரோடு பல வருஷமாகப் பழக்கம். போட்டிக்காரர்தான், ஆனால் தங்கமான மனிதர். எங்கள் டவலைக் கையில் எடுத்தால் ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்து, லூப் ஒன்றை நகத்தால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

துருக்கியின் கதையை நான் கற்றது அவரிடம்தான். 1963-ல் ஐரோப்பாவோடு அங்காரா ஒப்பந்தம். 1987-ல் உறுப்பினராக விண்ணப்பம். 1996 பிறந்தபோது சுங்க ஒன்றியம் வந்துவிட்டது, அதாவது அவர் நெய்யும் டவல் ஐரோப்பாவுக்குள் வரி இல்லாமல் போகும். நம்ம சரக்கு வரி கட்டி நின்ற இடத்தில் அவர் சரக்கு சும்மா நுழைந்தது. அவருக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாலை மூடும் நேரத்தில் அவரே மனசு விட்டுச் சொன்னார்.

சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் வெளிநாட்டுச் சரக்குக்கு ஐரோப்பா வைக்கும் அதே வரியைத்தான் துருக்கியும் வைக்க வேண்டும். அந்த வரியை முடிவு செய்யும் மேஜையில் துருக்கிக்கு நாற்காலி கிடையாது. ஐரோப்பா வேறொரு நாட்டோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் போட்டால், அந்த நாட்டுச் சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் வரி இல்லாமல் வந்துவிடலாம். துருக்கிச் சரக்கு அந்த நாட்டுக்குள் அப்படிப் போக முடியாது. அதற்குத் தனியாகப் பேசி ஒப்பந்தம் போட வேண்டும், எதிராளிக்கு அந்த அவசரம் இருக்காது. டவலுக்கு வரி இல்லை, ஆனால் ஏற்றிப் போகும் லாரிக்குப் பெர்மிட் வேண்டும். பல்கேரிய எல்லையில் காபிகுலேயில் நிற்கும் லாரி வரிசையை போனில் காட்டினார், முடிவே தெரியவில்லை. ஓட்டுகிறவருக்கும் விசா, கண்காட்சிக்கு வரும் முதலாளிக்கும் விசா. எங்களைப் போலவே அவரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு நின்றுதான் ஃபிராங்க்ஃபர்ட் வந்திருக்கிறார்.

சேர்வதற்கான பேச்சு 2005-ல் தொடங்கியது. யூனியன் சட்டத்தைத் துறைவாரியாகப் பிரித்து மொத்தம் 35 அத்தியாயம், திறந்தது 16, முடிந்தது ஒன்றே ஒன்று. இடையில் சைப்ரஸ் விவகாரம். 2004 ஏப்ரலில் அந்தத் தீவை ஒன்றுசேர்க்க ஐ.நா. திட்டத்தின் மேல் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரஸ்காரர்கள் பெரும்பான்மையாகச் சரி என்றார்கள், கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமே சைப்ரஸ் யூனியனில் உறுப்பினர். வேண்டாம் என்றவர்கள் உள்ளே, சரி என்றவர்கள் வெளியே என்று அவர் சொன்னபோது குரல் கம்மிவிட்டது. சைப்ரஸ் கப்பல்களுக்குத் துருக்கி துறைமுகத்தைத் திறக்கவில்லை என்று 2006-ல் எட்டு அத்தியாயங்களை நிறுத்தி வைத்தார்கள். பிற்பாடு துருக்கியிலேயே நீதிமன்றம், பத்திரிகை, எதிர்க்கட்சி எல்லாவற்றிலும் நிலைமை மோசமானது. 2018-லிருந்து பேச்சு நின்றேவிட்டது. அதற்குத் தன் நாட்டு அரசும் பொறுப்பு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பாதி வழியில் நிற்க வைத்த வருஷங்கள்தான் உள்ளூரில் ஐரோப்பா வேண்டாம் என்றவர்களை வளர்த்துவிட்டன என்றார். இது எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

திருச்செங்கோடு, ரிக் வண்டி

எல்லோரும் ஐரோப்பாவையே எழுதுறீங்க. நம்ம ஊர் போர்வெல் ரிக் ஓடாத ஆப்பிரிக்க நாடு இல்லை, அதனால் இது என் பங்கு.

வடக்கு உகாண்டாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தெற்கு சூடானில் தலைநகர் ஜூபா பக்கம் ஆர்டர் கிடைத்தது. தெற்கு சூடான் 2011 ஜூலையில் தனி நாடானது. அந்த வருஷமே கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தது. 2013 கடைசியில் உள்நாட்டுப் போர் வந்தும் 2016-ல் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சமூகத்தின் கடைசி இலக்கு ஒரே அரசியல் கூட்டாட்சி என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் முன்பு வைத்திருந்த சமூகம் 1977-ல் உடைந்தே போனது, இது இரண்டாவது முயற்சி.

உறுப்பு நாடுதானே, ராடும் ஹேமரும் பிட்டும் சுலபமாகப் போய்விடும் என்று முதலாளி கணக்குப் போட்டார். உகாண்டா பக்கத்து எலேகு எல்லையில் வண்டிகள் அசையாமல் நின்றன. தாண்டி நிமுலேயிலிருந்து ஜூபா வரை ரோட்டில் கயிறு கட்டித் தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் காசு. ரசீது கேட்டால் முறைப்பார்கள். லாரி டிரைவர்களைச் சுட்டுக் கொன்ற ரோடு அது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனோம்.

ஜூபா சந்தையில் தக்காளி, முட்டை, சோப்பு எல்லாம் உகாண்டா சரக்கு. தெற்கு சூடானுக்கு விற்க எண்ணெயை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்களிடம் வேலை பார்த்த உள்ளூர்ப் பையன் நன்றாகப் படித்தவன். "சேர்ந்ததில் பக்கத்து நாட்டுக்காரனுக்கு வியாபாரம் வந்தது, லாட்ஜ் வேலைகூட அவனுக்கே போகிறது. எங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டான். அந்தச் சமூகத்துக்குக் கட்டும் சந்தா அப்போது எல்லா நாட்டுக்கும் ஒரே தொகையாக இருந்தது, பெரிய நாடு சின்ன நாடு என்று வித்தியாசம் இல்லை. தெற்கு சூடான் பல வருஷம் பாக்கி வைத்தது. போர் முடியாத, சம்பளமே ஒழுங்காகப் போடாத நாட்டை அவசரப்பட்டுச் சேர்த்துக்கொண்டது அந்தப் பையனுக்கு நல்லதாக முடியவில்லை என்பதுதான் என் கருத்து.

கோயம்புத்தூர், வாகன மென்பொருள்

ஜெர்மனியில் வேலை பார்த்தபோது என் டீமில் ஸ்கோப்யேவிலிருந்து ஒரு பெண் இருந்தாள். அவள் நாட்டின் இப்போதைய பெயர் வடக்கு மாசிடோனியா. கிரீஸின் வடக்குப் பகுதிக்கும் மாசிடோனியா என்றே பெயர், அதனால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று கிரீஸ் 1991-லிருந்தே தகராறு. 2005-ல் யூனியனில் சேர வேட்பாளர் நாடு ஆகியும் பேச்சு தொடங்கவில்லை. கடைசியில் 2018-ல் கிரீஸோடு பிரெஸ்பா ஒப்பந்தம் போட்டு, 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். அவள் அப்பா காரின் நம்பர் பிளேட்டில் எம்.கே. என்ற எழுத்தின் மேல் என்.எம்.கே. என்று ஸ்டிக்கர் ஒட்டிய போட்டோவைக் காட்டினாள். ஸ்டிக்கர் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா ஒட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லையாம்.

பெயர் மாறிய அதே வருஷம் அக்டோபரில் பிரான்ஸ் தடுத்தது. 2020-ல் பல்கேரியா தடுத்தது, மொழியும் வரலாறும் காரணம். 2022-ல் பேச்சு தொடங்கியதாக அறிவித்தார்கள், ஆனால் அரசியல் சட்டத்தில் பல்கேரியர்களைச் சேர்த்தால்தான் மேற்கொண்டு நகரும் என்று நிபந்தனை. நிலப் பத்திரத்தில் ஒரு பங்காளி கையெழுத்துப் போட மறுத்தால் கிரயம் நிற்குமே, அப்படித்தான் அங்கே ஒவ்வொரு உறுப்பு நாட்டின் சம்மதமும். சட்டம், நீதிமன்றம், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் உழைத்துச் சரி செய்யலாம். பக்கத்து நாட்டின் பழைய பகைக்கு என்ன தயாரிப்புச் செய்வது? குரோவேஷியாவையே கடல் எல்லைத் தகராறுக்காக ஸ்லோவேனியா நிறுத்தி வைத்தது. அப்புறம்தான் விட்டார்கள், 2013-ல் சேர்ந்தது.

அவள் அண்ணன் காத்திருந்து அலுத்துப்போய்ப் பல்கேரிய பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். நாடு போக முடியாத இடத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

திருப்பூர், சாயப்பட்டறை

கோயம்புத்தூர் அம்மிணி சொன்னது சரிங்க. ஆனால் சட்டத்தை உழைத்துச் சரி செய்வதும் லேசான காரியம் இல்லை.

2023-ல் மிலானில் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் தண்ணீர் சுத்திகரிப்பு ஸ்டாலில் ஒரு செர்பிய இன்ஜினியரைச் சந்தித்தேன். நம்ம நொய்யல் ஆற்றைப் பற்றி நான் சொன்னேன், பெல்கிரேடைப் பற்றி அவர் சொன்னார். அவ்வளவு பெரிய தலைநகரத்தின் சாக்கடை சுத்தம் செய்யாமலே சாவா, டான்யூப் ஆறுகளில் விழுகிறது. யூனியனில் சேர வேண்டுமானால் 27-ஆம் அத்தியாயம், சுற்றுச்சூழல், நிறைவேற வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விடச் செலவு அதிகம் பிடிப்பது அதுதானாம். போலந்துக்கு 2015 வரை, ருமேனியாவுக்கு 2018 வரை கழிவுநீருக்கு அவகாசம் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள்.

நமக்குச் சாயக் கழிவுநீருக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, பட்டறைகள் மொத்தமாக மூடின. உத்தரவு நியாயமானதுதான். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் போட முடிந்தவர்கள் மீண்டார்கள். வின்ச் என்ற சாய மெஷின் இரண்டு வைத்துப் பிழைத்த சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் திரும்ப வரவே இல்லை. அவகாசமும் கடனும் முன்கூட்டியே கிடைத்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். இதைச் சொன்னதும் அந்த இன்ஜினியர் நோட்டை எடுத்துச் சின்ன யூனிட்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். செர்பியாவுக்கு இதெல்லாம் முடிந்தாலும், அதிலிருந்து பிரிந்து தனி நாடு என்று அறிவித்த கொசோவோவின் விவகாரம் இருக்கிறது. யூனியனிலேயே ஐந்து நாடுகள் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை.

ஈரோடு, மஞ்சள் வியாபாரம்

என் மச்சான் தைமூர் லெஸ்தேயின் தலைநகர் டிலியில் கட்டுமான வேலையில் இருக்கிறார். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர அந்த நாடு 2011-ல் விண்ணப்பித்து 2025 அக்டோபரில்தான் பதினோராவது நாடாகச் சேர்ந்தது. இவ்வளவு தாமதத்துக்கு அவர் சொல்லும் காரணம் நான் எதிர்பார்க்காதது. ஆசியானில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், எல்லாம் ஆங்கிலத்தில். அங்கே ஆட்சி மொழி தேதுமும் போர்த்துகீசியமும். கூட்டத்துக்கு அனுப்ப ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகளைத் தயார் செய்வதே பெரிய வேலையாக இருந்திருக்கிறது. சேர்ந்த பிறகு சாமான் விலை எப்படி, வெளியாட்களுக்கு வேலை பெர்மிட் எப்படி என்று கேட்டிருக்கிறேன். தை நோம்பிக்கு ஊருக்கு வருகிறார், கேட்டு எழுதுகிறேன்.