மழைக்காலத் தழையில் எண்ணெய் குறைவது ஏன்? (சிட்ரியோடோரா வடிப்பு, பென்னாகரம்)

செம்மண்காரன்:
பென்னாகரம் பக்கம் மானாவாரிச் செம்மண்ணில் சிட்ரியோடோரா தைலமரம் நிற்கிறது. 300 கிலோ தழை பிடிக்கும் எவர்சில்வர் டேங்கில் நீராவி வடிப்பு. சித்திரையில் 100 கிலோ தழைக்கு 1.6 கிலோ எண்ணெய் இறங்கியது. கார்த்திகையில் 1 கிலோதான். இரண்டு தடவையும் இரண்டரை மணி நேரம்தான் ஓட்டினோம். மரம் எண்ணெயைக் குறைக்கிறதா, வடிப்பில் கோளாறா? வரப்போரம் நிற்கும் சந்தனத்துக்கும் இந்தப் பருவக் கணக்கு உண்டா?

இலைநரம்பு:
முதலில் தண்ணீரைக் கழித்துப் பாருங்க. கார்த்திகைத் தழையில் ஈரம் 60 சதவீதம் என்று வைத்தால் 100 கிலோவில் காய்ந்த எடை 40 கிலோதான். சித்திரையில் ஈரம் 45 என்றால் 55 கிலோ. காய்ந்த எடையில் எண்ணெய் இரண்டுக்கும் ஒரே 3 சதவீதம் என்றாலும் 1.2 கிலோவும் 1.65 கிலோவும் வரும். அதாவது மரம் எதையுமே குறைக்காமல் உங்கள் வித்தியாசத்தில் முக்கால் பங்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு வடிப்புக்கும் 100 கிராம் தழையைத் தனியே எடுத்து, சருகாகக் காயவைத்து நிறுத்துக் குறித்து வையுங்க. அந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டு பருவத்தை ஒப்பிடவே கூடாது.

மீதிக் குறைவு மரத்தில்தான். மழை பெய்ததும் துளிர் ஓடும். இலை செய்த சர்க்கரையெல்லாம் அதற்கே போய்விடும். மண் காய ஆரம்பித்தால் முதலில் நிற்பது வளர்ச்சி. ஒளிச்சேர்க்கை அப்புறம்தான் தளரும். அந்த இடைவெளியில் மிஞ்சும் கார்பனில் ஒரு பங்கு டெர்பீனாக, அதாவது இலை எண்ணெயில் இருக்கும் வாசனைப் பொருளாகச் சேர்கிறது. வறட்சி முற்றி இலைத்துளைகள் மூடியே கிடந்தால் இந்த ஆதாயமும் நின்றுபோகும்.

இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள். கொழுந்தில் அவை நெருக்கமாக இருந்தாலும் இன்னும் நிரம்பியிருக்காது. முழு அகலம் விரிந்து விறைப்பேறிய இலையைத்தான் வெட்டணும். புதினா, துளசிபோல் மேல் ரோமத்தில் இல்லாமல் பைகள் இலைக்குள்ளேயே இருப்பதால், நிழலில் ஒரு நாள் வாடப்போட்டால் ஈரம்தான் போகும். எண்ணெய் அதிகம் போகாது.

கொட்டகை வடிப்பு:
வடிப்பையும் பாருங்க. நனைந்த தழையை அப்படியே ஏற்றினால் நீராவி அந்த ஈரத்தைச் சூடாக்குவதிலேயே தண்ணீராகிவிடும். தழை அமுங்கிக் கட்டியாகும். ஆவி ஓரமாக வழி பிடித்து மேலேறிவிடும். வடித்து முடிந்து கொட்டும்போது நடுவில் பச்சை மாறாத தழை இருந்தால் இதுதான் காரணம். பனி காய்ந்தபின், காலை பத்து மணிக்கு மேல் வெட்டுங்க. பெருவிரல் தடிமன் குச்சியெல்லாம் வேண்டாம். இடத்தை அடைக்குமே தவிர எண்ணெய் தராது.

குறைகிறதே என்று நேரத்தை இழுத்துக்கொண்டே போகாதீங்க. தழைச்சாறு அமிலத்தன்மை உள்ளது. அந்த ஈரச்சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால், இந்த எண்ணெயின் முக்கிய வாசனைப் பொருளான சிட்ரோனெல்லால் ஐசோபுலிகால் என்ற வேறு பொருளாக மாறும். சிட்ரோனெல்லால் குறைந்தால் விலையும் குறையும்.

செம்மண்காரன்:
அப்போ வெட்டை முழுக்கச் சித்திரைக்கே தள்ளிவிடலாமா அண்ணா?

இலைநரம்பு:
வேண்டாங்க. சதவீதம் உச்சத்தில் இருக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது. வெட்டிய மரம் வேரிலும் தண்டிலும் சேர்த்த மாவுச்சத்தை எடுத்துத்தான் மறுபடி தழைக்கும். கோடை மழை தவறினால் தழைவு குட்டையாகும், சில மரம் பட்டும்போகும். பங்குனிக் கடைசியில் வெட்டி, ஒவ்வொரு மரத்திலும் இரண்டு மூன்று கிளையைத் தழையோடு விடுங்க. அடுத்த வெட்டு ஆவணி, புரட்டாசியில் விழும், அது மழைக்காலம்தான். இரண்டு மழைக்கு நடுவே பத்து நாள் வெயில் கிடைத்தால் அப்போது வெட்டுங்க. மரத்துக்கு வருஷம் எத்தனை கிலோ எண்ணெய் என்று பாருங்க. சதவீதம் மட்டும் போதாது.

சித்தேரி மலை:
சந்தனம் வேறு கதை. அதில் எண்ணெய் வைரத்தில்தான், அதாவது நடுவில் இருக்கும் முதிர்ந்த கட்டையில். அதைச் சுற்றியுள்ள வெள்ளைக்கட்டையில் இருக்காது என்றே சொல்லலாம். வருஷக்கணக்கில் சேர்வதால் எந்த மாசம் வெட்டினாலும் பெரிய மாற்றம் இல்லை. வேர்க்கட்டையில்தான் எண்ணெய் அதிகம். அதனால் முதிர்ந்த மரத்தை அறுக்காமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள். கன்றுப் பருவத்துக்குப் பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுற்றளவு பெருக்கும், வெள்ளைக்கட்டைதான் கூடும். பக்கத்தில் துவரை, சவுக்கு மாதிரி துணைமரம் இருக்கட்டும்; அதன் வேரில் ஒட்டித்தான் சந்தனம் பிழைக்கிறது.