இடக்காதில் மட்டும் பேஸ் இல்லை, சல்லரி காதைக் குத்துது: டிப்பா, இயர்போனா, ஈக்யூவா?

கேள்வி: வாவிக்கரை, மட்டக்களப்பு

அண்ணாமார், நானாமார், வணக்கம். காதுக்கு மேலால வயரைச் சுத்திப் போடுற இன்-இயர் ஒண்டு பாவிக்கிறன். 10 மி.மீ டைனமிக் ட்ரைவர் (உள்ளுக்கு ஓசை எழுப்புற சின்ன ஸ்பீக்கர்), வயர் ரெண்டு பின்னில கழண்டு வரும். இடப்பக்கம் பேஸ் மெலிவு, பாடுறவரின் குரலும் வலப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. கூத்துப் பதிவு கேட்டால் மத்தளம் வெறும் தட்டல் மாதிரி, சல்லரியும் (கைத்தாளம்) 'ஸ' ஓசையும் ஊசியாக் குத்துது. போடக்குள்ள இடப்பக்கம் 'கிரிக்' எண்டு ஒரு சத்தமும் வரும்.

ஈக்யூவில (ஓசைகளைத் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசர்) 60 ஹேர்ட்ஸை 6 டெசிபெல் கூட்டிப் பாத்தன். வலப்பக்கம் மொத்துது, இடப்பக்கம் அப்படியே. ரெண்டுக்கும் பெட்டியோட வந்த மீடியம் டிப்தான் (காதுக்குள்ள போற சிலிக்கன் உறை). கல்முனை பஸ்ஸில இன்னும் மோசம். பழுது எங்க?

பதில்: கல்லாற்றான்

தம்பி, ஈக்யூவை முதல்ல நிப்பாட்டுங்க. கூட்டினது வலப்பக்கம் மட்டும் கேக்குதெண்டால் இடப்பக்கம் அநேகமாக் காத்து ஒழுகுது. டிப்புக்கும் காதுக்கும் இடையில அடைப்பு இருந்தால்தான் இன்-இயரில பேஸ். தாழ்ந்த ஓசைக்கு ட்ரைவர் மெதுவா முன்னும் பின்னும் போகும். சின்ன இடுக்கு இருந்தாலும் அது தள்ளுற காத்து அழுத்தமாக முதலே வெளியால போயிரும். உயர்ந்த ஓசை வேகமானது, அதுக்கு ஒழுக நேரம் இல்லை. அதால மத்தளத்தின் அடி மறைஞ்சு தட்டல் மட்டும் மிஞ்சுது. சல்லரி குத்துறதுக்கும் பாதிக் காரணம் இதுதான், தாங்கிப் பிடிக்கக் கீழ் ஓசை இல்லை.

ஆனா பழுது இல்லையெண்டு உறுதிப்படுத்திப் போட்டுத்தான் டிப்புக்குக் காசு செலவழிக்க வேணும். போனில அக்செசிபிலிட்டி செட்டிங்கைத் திறந்தால் இட வல பேலன்ஸ் கோடு ஒண்டு இரிக்கும். கைபட்டு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டு வாங்க. அங்கேயே மோனோ ஓடியோவையும் போடுங்க. அப்பதான் ரெண்டு காதுக்கும் ஒரே ஓசை போகும், ஒப்பிடலாம்.

மறுகா வயரை ரெண்டு பக்கமும் கழற்றி இடம் வலம் மாத்திக் கொழுவுங்க. நேரா இழுக்க வேணும். ஆட்டினாலோ கிறுக்கினாலோ பின் வளைஞ்சிரும், 0.78 மி.மீ தடிப்புத்தான். மெலிவு வலக்காதுக்கு மாறினால் குற்றம் வயரில, ஜாக்கில, இல்லாட்டிப் போனில. இடக்காதிலேயே நிண்டால் இயர்போன் உடம்பு, இல்லாட்டிப் பொருத்தம். அதைப் பிரிச்சறிய இடது உடம்பைத் தலைகீழாப் பிடிச்சு வலக்காதில சில விநாடி வச்சுப் பாருங்க. அங்க பேஸ் நல்லா வந்தால் இயர்போனில குற்றமில்லை. சோதிச்சு முடிய வயரைப் பழையபடி கொழுவக்குள்ள கவனம்: ஒரு பக்கப் பின் மட்டும் தலைமாறினால் குரல் நடுவில நிக்காமல் ரெண்டு பக்கமும் பரந்து போகும்.

அடைப்புச் சோதனைக்கு டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்டு போதும். 40 ஹேர்ட்ஸ், சத்தம் குறைவா வச்சு இடப்பக்க இயர்போனை விரலால மெல்ல உள்ளுக்கு அமத்துங்க. ஓசை சட்டெண்டு தடிச்சால் அங்க ஒழுக்கு இரிக்கு. சரியா அடைஞ்ச காதில அமத்தினாலும் பெரிய வித்தியாசம் வரா.

ரெண்டு காதுத் துவாரமும் ஒரே அளவா இருக்கிறது கட்டாயமில்லை. இடப்பக்கம் லார்ஜ், வலப்பக்கம் மீடியம் போடுறது பிழையே இல்லை. ஆனா பெருசெண்டால் நல்லதெண்டும் நினைக்காதீங்க. அளவு மிஞ்சின டிப் உள்ளுக்கு மடிஞ்சு சுருக்கு விழும், அந்தச் சுருக்காலயும் ஒழுகும். லார்ஜ் போட்டும் மெலிவெண்டால் ஸ்மோலை ஆழமா வச்சுப் பாக்க வேணும்.

போடுற விதத்திலதான் கனபேர் கோட்டை விடுற. வலக்கையைத் தலைக்கு மேலால கொண்டுபோய் இடக்காதின் மேல்மடலை மேலுக்கும் பின்னுக்கும் இழுங்க, துவாரம் நேராகும். வாயைக் கொஞ்சம் திறந்து, இயர்போனை மெதுவா உள்ளே விட்டு, சின்னதாக் கிறுக்கி, மடலை விடுங்க. வயரைக் காதுக்கு மேலால போட்டு நாடிக்குக் கீழ உள்ள வளையத்தை ஏத்தினால் வயர் இழுத்து அசையா.

'கிரிக்' சத்தம் அடைச்ச காத்து ட்ரைவரின் மெல்லிய சவ்வை அமத்தி மடக்கிறதால வாறது. வேகமாப் போட்டால் கூடும், மெதுவாப் போட்டால் குறையும். உடம்பில உள்ள சின்னக் காத்துத் துளையை விரலால மூடிக்கொண்டு போடாதீங்க.

பதில்: அக்கரைக்காற்று

கல்லாற்றான் சொன்ன ஒழுங்கு சரி. நான் சல்லரி குத்துற விசயத்தைச் சொல்றன், அதில ஆழம் முக்கியம்.

வளர்ந்தவரின் காதுத் துவாரம் ஏறத்தாழ 25 மி.மீ நீளம். இயர்போன் அதை மூடினதும், முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில மிஞ்சிற காத்துக்குழல் ஒரு சுருதியில தானா முழங்கும். ஆய்வுகூடச் செயற்கைக் காதில அளக்கக்குள்ள அந்த முழக்கம் 8 கிலோஹேர்ட்ஸ் அளவில விழுற மாதிரித்தான் வழக்கமா வைக்கிற. மேலோட்டமாப் போட்டால் குழல் நீளும், முழக்கம் 6, 7 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கும். 'ஸ', 'ஷ' ஓசைகளும் சல்லரியின் கூர்மையும் அந்தப் பக்கம்தான் குவிஞ்சு கிடக்கு, அதான் குத்து. ஒண்டு ரெண்டு மி.மீ ஆழமாப் போனாலே முழக்கம் மேல நகர்ந்து தணியும். டிப்பின் வாயும் கணக்கு: அகலவாய் உயர்ந்த ஓசையைக் கூட்டிக் காட்டும், ஒடுங்கின வாய் தணிக்கும்.

பொருத்தம் சரியான பிறகும் குத்தினால் மட்டும் ஈக்யூ. டோனை 5 கிலோஹேர்ட்ஸிலிருந்து 10 வரை மிகக் குறைஞ்ச சத்தத்தில மெதுவா நகர்த்துங்க. எங்க திடீரெண்டு உரக்குதோ அதுதான் உங்கட காதின் முழக்கம். பராமெட்ரிக் ஈக்யூவில (எந்த ஹேர்ட்ஸை மாத்திறதெண்டு நாமளே குடுக்கிறது) அதே இலக்கத்தில கியூ 4 (எவ்வளவு ஒடுக்கமா மாத்திறதெண்ட அளவு), 3 டெசிபெல் குறைப்பு, போதாட்டி 5. பவர்அம்ப் ஈக்குவலைசரிலயும், கணினியில ஈக்குவலைசர் ஏபிஓவிலயும் இது செய்யலாம். ஓட்டோ ஈக்யூவில (மொடல் மொடலா ஈக்யூத் திருத்தம் குடுக்கிற திட்டம்) உங்கட மொடலுக்குத் திருத்தம் கிடைச்சாலும் 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேல அதைக் கண்மூடி நம்பாதீங்க, அது செயற்கைக் காதின் அளவு.

பேஸ் கூட்ட விருப்பமெண்டால் 105 ஹேர்ட்ஸில லோ ஷெல்ஃப் (அதுக்குக் கீழ உள்ள ஓசை எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டுறது), 3 டெசிபெல். எவ்வளவு கூட்டினீங்களோ அவ்வளவு ப்ரீஅம்ப்பை (ஈக்யூவில உள்ள மொத்தச் சத்த அளவு) குறைக்க வேணும், இல்லாட்டி உரத்த இடத்தில ஓசை கிழியும். திறந்தவெளியில போனில பிடிச்ச கூத்துப் பதிவை வச்சு இதெல்லாம் தீர்மானிக்க வேணாம். அதில பேஸ் அநேகமாச் சரியாப் பதிவாகி இரா. ஸ்டூடியோவில எடுத்த, நடுவில குரல் நிக்கிற பாட்டொண்டு எடுங்க.

வாவிக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. பேலன்ஸ் நடுவில, வயரில குற்றமில்லை, இடது உடம்பு வலக்காதில நல்லாப் பேசுது. இடப்பக்கம் லார்ஜ் போட, 40 ஹேர்ட்ஸ் ரெண்டு பக்கமும் சமன், குரலும் நடுவுக்கு வந்துட்டுது. ஒரு குறை: கதைச்சால், கொட்டாவி விட்டால் இடப்பக்கம் திரும்ப ஒழுகுது. வேர்த்தால் வழுக்குது. ஃபோம் டிப் சரிவருமா நானா?

பதில்: அக்கரைக்காற்று

சரிவரும். நாடி அசையக்குள்ள துவாரத்தின் வடிவம் மாறுது, சிலிக்கன் அதுக்கு உடனே ஒத்துப்போகா, ஃபோம் ஒத்துப்போகும். விரலுக்கிடையில உருட்டி மெலிவாக்கி, உள்ளே வச்சு, 20, 30 விநாடி விரலால பிடிச்சிருங்க. உடனே கையை எடுத்தால் விரிஞ்சு வெளியால தள்ளும். உயர்ந்த ஓசையையும் கொஞ்சம் தணிக்கும், உங்களுக்கு அது நல்லது. வாங்க முதல் இயர்போன் முனையின் விட்டத்தை வேர்ணியரால அளங்க. 5, 6 மி.மீ எண்டு மொடலுக்கு மொடல் மாறும். தளர்வான டிப் காதுக்குள்ள கழண்டு நிண்டிரும். நிண்டால் ஊசி, சாமணம் போட்டுத் தோண்டாமல் ஆசுபத்திரிக்குப் போங்க.

ஒரு காதுக்கு மட்டும் ஃபோம் போடாதீங்க. ஓசையின் நிறமே ரெண்டு பக்கமும் மாறும்.

ஃபோம் நிரந்தரமில்லை. நம்மட கடற்கரை ஈரத்திலயும் வேர்வையிலயும் ரெண்டு மூண்டு மாசத்தில விரிஞ்சு அடைக்கிற தன்மை குறையும், அப்ப மாத்துங்க. சிலிக்கன் டிப்பெண்டால் கழற்றி இளஞ்சூட்டுச் சவுக்காரத் தண்ணியில கழுவி முழுக்கக் காய வச்சுப் போடலாம். முனையின் வலையில குறும்பி அடைச்சாலும் ஒரு பக்கச் சத்தம் குறையும். முனையைக் கீழ்நோக்கிப் பிடிச்சுக் காய்ஞ்ச மென்பிரஷால தட்டுங்க, தண்ணியோ ஸ்பிரிட்டோ அதுக்குள்ள விட வேணாம். காதைப் பட்ஸால குடையவும் வேணாம், குறும்பியை அது உள்ளுக்குத்தான் தள்ளும். உப்புக்காத்து பின்னைக் கறுக்கப் பண்ணும். வேர்வையைத் துடைச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில வச்சிருங்க.

பஸ்ஸுக்கு இனிச் சத்தம் கூட்டத் தேவைவரா. எஞ்சின் இரைச்சலில ஒரு பங்கை அடைப்பே மறைக்கும். வளர்ந்தவருக்கு 80 டெசிபெல்லில கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் உலக சுகாதார அமைப்பு சொல்ற எல்லை. 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். பஸ்ஸால இறங்கி றோட்டைக் கடக்க முதல் ரெண்டையும் கழற்றிருங்க தம்பி, இந்த அடைப்பில பின்னால வாற ஹோர்ன் கேக்காது.