விடெக்ல சூப்பர்சார்ஜர் போடலாமா?

நாகமலைக்காரன்: அண்ணே, நம்மட்ட 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (வேகத்துக்குத் தக்கன வால்வு தெறக்குறத மாத்துற எஞ்சின்) இருக்கு. எஞ்சின் வேகமா சுத்துற மேல ஆர்பிஎம்ல பறக்குது. ஆனா நாலு பேர ஏத்திக்கிட்டு அழகர்கோவில் போனா, கீழ இழுவையே இல்ல. சூப்பர்சார்ஜர் மாட்டுனா என்ன?

பழைய பட்டறை: தம்பி, அது எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற பம்ப்பு; எஞ்சினோட மெயின் தண்டு, அதான் கிராங்க்லருந்து பெல்ட்டுல சுத்துறது. புகை வேகத்துல சுத்துற டர்போ மாதிரி, அது வேகம் புடிக்கிற வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம், ஆக்சிலேட்டர மிதிச்சதும் இழுக்கும். ஆனா காத்த அமுக்குனா சூடேறுமே! சித்திரை வெயில்ல, அந்தக் காத்தக் குளுத்துற இன்டர்கூலர் இல்லாம ஓட்டுனா நாக்கிங்தான், பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு எஞ்சின் தட்டும். பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கு ட்யூனிங்னு செலவு வேற. இப்படி ஒரு வண்டிய பிரிச்சேன்; மூணாவது பிஸ்டன் ஓரம் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு.

கீழமாசி: ஆர்சி புக்ல ஏத்தாம எஞ்சின்ல கை வச்சா, இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான், பாத்துக்கப்பா.

நாகமலைக்காரன்: வீட்டுல ஏற்கனவே மொறைக்கிறாங்க. மொதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட், அதான் சிலிண்டர்ல அழுத்தம் சரியா நிக்குதான்னு, பாத்துட்டு வர்றேண்ணே.